வளைவுக்கு முன் கோடுகள்

சுரங்கச் சாலையின் சுவரில் கோடுகளை வரையச் சொன்னது சாலைத் துறையில் வேலை பார்க்கும் தங்கை. நுழைவாயிலில் அறுபதடிக்கு ஒன்று. உள்ளே போகப் போக நெருங்கி, வளைவுக்கு முன் பதினைந்தடிக்கு ஒன்று. ஒரே வேகத்தில் போனாலும் கோடுகள் விரைந்து கடக்கும். வேகம் கூடிவிட்டதாகக் கண் நம்பும். கால் தானாகத் தளரும். வளைவில் வேகம் அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால் ஆபத்து.

தலைமைப் பொறியாளர் நம்பவில்லை. வரிக்குதிரைக்கா வீடு கட்டினீர்கள் என்று கேட்டார். மதியத்துக்குள் நிரூபிக்காவிட்டால் வெள்ளையடித்துவிடுவார்கள். அவளுக்கு அது இரண்டு வருட வேலை.

அண்ணனை அழைத்தாள். இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுபவன். வேகமுள்ளைப் பார்க்காமலே எண்பதைப் பிடிப்பேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்பவன். கோடுகளைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை. வேகம் காட்டும் முள்ளின் மேல் காகிதம் ஒட்டினாள். எண்பதிலேயே போ என்றாள். அவள் முன்சீட்டில் உட்கார, பொறியாளர் பின்சீட்டில் ஏறினார்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும், வளைவில் எவ்வளவு வேகம் என்று பொறியாளர் கேட்டார். எண்பது, ஒன்றிரண்டு கூட இருக்கும் என்றான் அண்ணன். வளைவில் இருந்த கேமரா ஐம்பத்தெட்டு என்றது.

அவன் முகம் சுருங்கியது. பிறகு தெளிந்தது.

“தங்கச்சி வேலையாச்சே சார். நான்தான் கொஞ்சம் விட்டுக்குடுத்தேன்.”

அவன் மானம் தப்பியது. அவள் சோதனை செத்தது.

“எண்பதுன்னு இப்பதானேண்ணே சொன்ன?”

“சும்மா சொன்னேம்மா.”

வேண்டியவர்களை வைத்துச் சோதித்தால் இப்படித்தான் என்றார் பொறியாளர். தானே ஓட்டுவதாகச் சொன்னார்; சூட்சுமம் தெரிந்தவரை எந்தக் கோடு ஏமாற்றும்? அண்ணன் பின்சீட்டுக்குப் போனான்.

முள்ளின் மேல் காகிதம் அப்படியே இருக்க, எண்பதை விடக்கூடாது என்று பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஐம்பத்தொன்பது.

ஸ்டியரிங்கைத் தடவினார். வண்டியில்தான் கோளாறு, பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது, பாவம், பழைய வண்டி என்றார்.

பின்சீட்டிலிருந்து அண்ணன் முன்னால் சாய்ந்தான்.

“வண்டியச் சொல்லாதீங்க சார். முந்தாநாள்தான் பிரேக் பாத்தது.”

“அப்புறம் எப்படிய்யா வேகம் குறையும்?”

“எனக்கும் அப்படித்தான் குறைஞ்சுது. விட்டுக்குடுக்கவெல்லாம் இல்ல. எண்பதுலதான் போறேன்னு நெனச்சேன். எல்லாம் இவ போட்ட கோடு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொறியாளர் போனை எடுத்தார். சுரங்கத்துக்குள் வெள்ளையடிக்க வேண்டாம் என்றார். மறுமுனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும். மழை வரும்போல இருக்கிறது என்றார்.