ஸ்கூட்டியில் விழவில்லை

எங்கள் பனியன் கம்பெனி வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கும். அதில் பச்சைச் சிலுவை போட்டு, என் போட்டோவை ஒட்டி, 'முதலுதவியாளர்: நாகஜோதி' என்று எழுதியிருப்பார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போது அப்படி ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அதற்காக ஒரு நர்ஸைக் கூட்டிவந்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். என்னோடு உட்கார்ந்த மூன்று பேர் டீயும் பஜ்ஜியும் வந்ததும் நழுவிவிட்டார்கள். எனக்குப் பாதியில் எழுந்து போகும் பழக்கம் கிடையாது. இடுப்பெலும்பு உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நர்ஸ் தரையில் ஒருவனைப் படுக்கவைத்துக் காட்டினார். ஒரு நாள் அப்படி நானே கிடப்பேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் எங்கள் யூனிட் மூன்று மாடி. சரக்கு ஏற்றி இறக்க ஒரு லிஃப்ட். கதவு என்று பேருக்கு ஒரு கம்பி வலை. டிராலியில் பண்டல் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கூடவே ஏற வேண்டும் என்பது முதலாளி ஈஸ்வரமூர்த்தி போட்ட சட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டாவது மாடியிலிருந்து செக்கிங் முடிந்த பீஸோடு நான் ஏறினேன். மேலே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து நான் தரைத்தளத்தில் கிடந்தேன். முழு டிராலியும் என் இடுப்பின்மேல் சாய்ந்திருந்தது.

டிராலியை நகர்த்தினார்கள். கால் இரண்டும் என்னுடையவை இல்லை போலப் பக்கத்துக்கு ஒன்றாய் விழுந்து கிடந்தன. வலி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அதெல்லாம் ஒரு வலியே இல்லை.

முதலாளி மாடிப்படியில் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"ஏம்மா ஜோதி, ரத்தமே காணமே. சுளுக்காத்தான் இருக்கும். மெதுவா எந்திரிச்சு உக்காரு கண்ணு. கார் நிக்குது, நம்ம டாக்டருகிட்டப் போயிரலாம்."

ரத்தம் காணோம் என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. நர்ஸ் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. இடுப்பெலும்பு ஒரு வளையம். மேலேயிருந்து விழுந்து அது பிளந்தால் உள்ளே ரத்தக்குழாய்கள் கிழியும். வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. ஆள் பேசிக்கொண்டே இருப்பார், பேசிக்கொண்டே போய்விடுவார். தூக்கி உட்காரவைத்தால் இன்னும் சீக்கிரம் போவார்.

"யாரும் என்னையத் தொடாதீங்க" என்று கத்தினேன். "உக்காரவச்சா செத்துப்போவேன். நூத்தியெட்டக் கூப்பிடுங்க."

"நூத்தியெட்டு வந்தா போலீசு, இன்ஸ்பெக்டரு எல்லாம் வருவாங்கம்மா. எதுக்கு அந்த ரோதனை?"

"நான் செத்தா மட்டும் வரமாட்டாங்களாக்கும்?"

செக்கிங்கில் என் பக்கத்து டேபிள் மயிலாளக்கா. அவள் முதலாளி முகத்தைப் பார்க்காமலே போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தாள். அந்த ஒரு காரியத்துக்கு நான் அவளுக்குக் காலம் பூராவும் கடன்பட்டிருக்கிறேன்.

"இடுப்பச் சுத்தி இறுக்கிக் கட்டணும், யாராச்சும் துணி எடுங்க" என்றேன். சூப்பர்வைசர் தரணீதரன் நல்ல பையன்தான், ஆனால் பதற்றத்தில் கை எதை எட்டுகிறதோ அதை எடுப்பான். ரோலிலிருந்து ரிப் துணியைச் சரசரவென்று உருவி, வயிற்றுக்குக் கீழே பாவாடை நாடா கட்டும் இடத்தில் சுற்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான்.

"இறுக்கிப் போட்டனுங்கக்கா. போதுமுங்களா?"

ஒரு நிமிஷம் ஆகவில்லை, தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்? பதினான்கு வருஷமாக அந்தத் துணியை இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. எவ்வளவு நீளுதோ அவ்வளவு நல்ல துணி என்று பாஸ் போட்டவளே நான்தான். இந்த ஊரில் கைக்கு எட்டுகிற துணி எல்லாம் பனியன் துணி. அதைக் கொண்டு எலும்பைக் கட்ட முடியுமா? எனக்கு அந்த வலியிலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"இது நீளும்டா தம்பி! நீளாத துணி வேணும். தறியில நெய்த துணி."

மயிலாளக்கா சட்டென்று சேலைக் கொசுவத்தில் கையை வைத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது ஆம்பிளைகள் வேடிக்கை பார்க்கிற இடத்தில் அவள் எதற்குச் சேலையை அவிழ்க்க வேண்டும்? எதிரில்தான் எட்டு முழ வேட்டி, மொடமொடவென்று கஞ்சி போட்டு நிற்கிறதே!

"அக்கா, நீங்க விடுங்க. மொதலாளி, வேட்டியக் கழட்டிக் குடுங்க."

மிஷின் எல்லாம் நின்றுபோயிருந்ததால் நான் சொன்னது கட்டடம் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா பேச்சு இது?"

"உள்ள டவுசரு போட்டிருக்கீங்கல்ல? கழட்டுங்க. உங்க லிஃப்ட்லதான விழுந்தேன்?"

கழற்றினார். வேறு வழியில்லை, எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாப்பட்டி டவுசரோடு அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் வேண்டுமானால் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

வேட்டியை ஒரு முழ அகலத்துக்கு மடிக்கச் சொன்னேன். என்னைப் புரட்டாமல், முழங்காலுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் விட்டு மெல்ல மேலே நகர்த்தச் சொன்னேன். தொடை தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு எலும்பு கைக்கு முட்டும். கட்டு அதன்மேல் வர வேண்டும், நாடா கட்டும் இடத்தில் அல்ல. காலை ஒன்றாகச் சேர்த்து, முழங்காலையும் பாதத்தையும் தனித்தனியே கட்டினார்கள். தரணீதரன் ஒரு பக்கமும் இன்னொருவன் மறுபக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டபோது நான் கத்திய கத்தல் பக்கத்து யூனிட்வரை போயிருக்கும். ஆனால் அந்தக் கட்டு நின்றது. மயிலாளக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டுமே என்று அதை வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆம்புலன்ஸில் தரணீதரன் ஏறினான். ஏறுமுன் முதலாளி அவன் காதில் என்னவோ ஓதியதை நான் பார்த்தேன். என்னவென்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

கேஷுவாலிட்டியில் திருவிழாக் கூட்டம். ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை இறக்கிவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓடிவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஸ்கூட்டி ஸ்கிட் ஆயிப்போச்சுங்க. மெதுவாத்தான் போனாங்க" என்றான் தரணீதரன். அவன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அந்தத் துணியை அவுத்து ஓரமா போடுங்க. எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சர் வரிசையில நிக்கட்டும்."

வார்டு ஊழியர் ஒருவர் முடிச்சில் கை வைத்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை கால் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஒரு பொய்யை நம்பி, மெதுவாக விழுந்தவள் என்று என்னை வரிசையில் போட்டுக் கொல்லப்போகிறார்களே! பக்கத்தில் கடந்துபோன வெள்ளைக் கோட்டை எட்டிப் பிடித்தேன்.

"டாக்டர், எனக்கு ஸ்கூட்டி ஓட்டவே தெரியாது."

கோட்டுக்குள் இருந்தவர் நின்றார். சின்ன வயசுப் பெண். மார்பில் அனுப்பிரியா என்று பெயர் இருந்தது.

"அப்புறம் எப்படி விழுந்தீங்க?"

"லிஃப்ட் அறுந்துச்சு. ரெண்டாவது மாடி. டிராலி இடுப்புல விழுந்துச்சு. கட்ட அவுக்காதீங்க."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "யாரும் அவுக்கக் கூடாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் முடிச்சில் இருந்த கை பின்வாங்கியது. பிறகு எல்லாம் ஓட்டம்தான். இரண்டு கையிலும் ஊசி, ரத்தம், வயிற்றின்மேல் ஸ்கேன், படுத்த இடத்திலேயே எக்ஸ்ரே. "என்ன நடந்ததுன்னு இவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க" என்று அந்தப் பெண் விபத்துப் பதிவேடு எழுதுகிறவரிடம் சொன்னது கடைசியாகக் கேட்டது.

கண் விழித்தபோது இடுப்பின் இரண்டு பக்கமும் கம்பி ஏறி, நடுவில் ஒரு சட்டம் இருந்தது. ஒன்பது யூனிட் ரத்தம் ஏற்றினார்களாம். ஒரு வாரம் கழித்துப் பின்பக்கத்தில் ஸ்க்ரூவும் முன்பக்கத்தில் பிளேட்டும் வைக்கப்போவதாகவும், மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்றும் டாக்டர் அனுப்பிரியா விளக்கினார். "நடப்பேனா?" என்றேன். "வலியோட நடப்பீங்க. அப்புறம் வலி குறையும்" என்றார். சர்க்கரை தடவாமல் பேசும் ஆளை எனக்குப் பிடிக்கும்.

நான்காம் நாள் முதலாளி வந்தார், புது வேட்டி, ஒரு பை நிறையப் பழம், கையில் ஒரு தாள். என் புருஷன் ஜெயபாண்டி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான். சாயப்பட்டறை வேலைக்காரன், முதலாளி என்றால் யாராக இருந்தாலும் எழுந்துவிடுவான்.

"எல்லாம் நான் பாத்துக்கறேன் கண்ணு. இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. போலீசுல மேற்கொண்டு கேக்க மாட்டாங்க" என்றார்.

நான் ஸ்கூட்டியில் போகும்போது நிலைதடுமாறி விழுந்ததாகவும், ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் தவறாகச் சொல்லிவிட்டதாகவும் அழகாக டைப் அடித்திருந்தது. மயக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் எத்தனை விவரம்!

"லிஃப்ட் இப்ப ஓடுதுங்களா மொதலாளி?"

"ரோப்ப ஒட்டுப்போட்டு ஓட்டறம் கண்ணு. ஷிப்மெண்ட் நிக்குமா?"

"ஆளு ஏறுதா?"

அவர் பழப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார். எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின நாள் மயிலாளக்கா வந்து, என் இடத்தில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் டிராலியைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்று அழுதுவிட்டுப் போனாள். எல்லாம் ஸ்கூட்டியோடு முடிந்துவிட்டால் எந்த இன்ஸ்பெக்டர் வந்து அந்த லிஃப்டைப் பார்ப்பான்? அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்த நர்ஸும் கிடையாது, கட்டுவதற்கு நானும் அங்கே இல்லை.

ஜெயபாண்டி என் காதருகில் குனிந்தான். "போட்டுரு புள்ள. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நாளைக்கு யாரு வேலை குடுப்பா? இவுகளப் பகைச்சுக்கிட்டு இந்த ஊருல பொழைக்க முடியுமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பெரியவள் பத்தாவது படிக்கிறாள். நான் மறுபடி செக்கிங் டேபிளில் நிற்பேன் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"பேனா குடுங்க" என்றேன். முதலாளி முகம் மலர்ந்து சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

என்னால் தலையைத் தூக்க முடியாது. கேஸ் ஷீட் அட்டையில் தாளை வைத்து ஜெயபாண்டி என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். டைப் அடித்தது அத்தனையையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். கீழே இருந்த இடத்தில், போலீஸுக்கென்று நடந்ததை எழுதத் தொடங்கினேன். பண்டலோடு ஆள் ஏற வேண்டும் என்று சொன்னவர் யார், அறுந்தது எது, எந்த மாடி, எந்தத் தேதி, எத்தனை மணி. இப்போது அதே லிஃப்டில் ஏறுகிறவளின் பெயர் எனக்குத் தெரியாது, அதனால் 'இன்னொரு பெண்' என்று எழுதினேன்.

முதலாளியால் நான் எழுதுவதைப் பார்க்க முடியவில்லை. ஜெயபாண்டியால் முடிந்தது. மூன்றாவது வரியிலேயே அட்டை சரிந்து எழுத்து கோணியது.

"நேராப் பிடிய்யா" என்றேன்.

அவன் முதலாளியை ஒரு தடவை பார்த்தான். பிறகு இன்னொரு கையையும் அட்டைக்குக் கொடுத்து, நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.