ஒரு பருப்புக்கு ஒரு வாளி

"காணியையும் கிணத்துப் பங்கையும் இப்பவே என்ரை பேரிலை எழுதித் தாங்கோ. கலியாணத்தைப் பிறகு பாப்பம்" என்று கஜாலினி தகப்பன் தம்பிராசாவிடம் கேட்ட வெள்ளிக்கிழமை காலையில், தீவுப்பக்கச் சுருவிலில் அவர்கள் தண்ணீர் அள்ளும் கிணறு, தாய் சறோஜினிதேவி தின்ற பத்துப் பாதாம் பருப்புக்குப் பத்து வாளி இறங்கியிருந்தது. கிணறு இறங்கியது ஒழுங்கைக்குப் பழகிப்போன செய்தி. மகள் கேட்டதுதான் புதிசு. சீதனம் பெண்பிள்ளை வாய் திறந்து கேட்கிற சாமான் இல்லை, மாப்பிள்ளை என்று ஒருவன் வந்தால் அவன் நிழலோடு தானாக வந்து சேரும் என்று அவளுக்குப் பல் முளைத்த காலத்திலிருந்தே சொல்லி வைத்திருந்தார்கள். தம்பிராசா பிட்டைப் பிசைந்தபடி நிமிர்ந்தார். "மாப்பிள்ளை இல்லாமல் சீதனமோ?" என்றார். "மாப்பிள்ளை இல்லாமல் கிணறு இவ்வளவு காலமும் ஊறேல்லையோ?" என்றாள் அவள். தம்பிராசா கையை உதறிக்கொண்டு எழும்பினார். "கிளிநொச்சிக்கு விவசாயம் படிக்க அனுப்பினது நான்தான். பிழை என்ரைதான்" என்று கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். அதற்கும் அரை வாளி போனது.

பாதாம் வந்த கதை சிறியது. ரொறன்ரோவில் இருக்கும் ரஜீபனுக்கும் கஜாலினிக்கும் சம்பந்தம் பேசினார்கள். ரஜீபன் நல்ல பிள்ளை. முதலில் இறைச்சியை விட்டான், பிறகு மீனை, கடைசியில் பாலையும் நெய்யையும். பூமி சூடாகிறதாம், மாடு வளர்த்தால் இன்னும் சூடாகுமாம். சறோஜினிதேவிக்கு எலும்பு தேய்கிறது, கல்சியம் காணாது என்று டொக்டர் எழுதிக்கொடுத்ததைக் கேள்விப்பட்டவுடன் மாதம் ஐந்து கிலோ பாதாம் பார்சலில் அனுப்பத் தொடங்கினான். தம்பிராசா அதை அலுமாரியில் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார். மனைவிக்குத் தினமும் பத்து, தனக்குப் பத்து, வாறவை போறவைக்குப் பத்து. மூன்றாம் நாள் காலை சறோஜினிதேவி குசினிக் கதிரையில் இருந்து ஒரு பருப்பைக் கடித்தபோது, வெளியே கிணற்றுக்குள் யாரோ உறிஞ்சிக் குடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்றைக் கடித்தாள். இன்னொரு தரம் கேட்டது. மாரி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல் தெரியிற காலமில்லை அது.

கஜாலினி கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தாள். ஆட்டுக்கு ஒரு பாதாம் தீத்தினாள். ஒரு வாளி இறங்கியது. காகத்துக்கு அரைப் பாதாம் எறிந்தாள், அரை வாளி. ஒரேயொரு பாதாம் பருப்பு மரத்தில் விளைய ஏறக்குறையப் பன்னிரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். அவர்களுடைய வாளியும் பன்னிரண்டு லீற்றர்தான். எங்கேயோ ஒரு தேசத்தில் கடனாய்க் குடித்த தண்ணீரைப் பருப்பு வாங்கின இடத்தில் கட்டாமல், தின்கிற வீட்டுக் கிணற்றில் கட்டிக்கொண்டிருந்தது. கச்சான் கடலையைத் தின்று பார்த்தாள், பயறைத் தின்று பார்த்தாள், எள்ளை ஒரு பிடி வாயில் போட்டு மென்றாள். கிணறு அசையவில்லை. ஊரில் விளைந்தது ஊரின் மழையைக் குடித்துவிட்டு வந்திருந்தது, அதற்குக் கணக்கு முடிந்துபோயிற்று. சனம் ஒரு கிழமை வந்து எட்டிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. பின் ஒழுங்கையில் எல்லை வழக்கில் இருந்த இரண்டு வீடுகள் திடீரென்று சமாதானமாகி, ஒரு வீட்டார் மற்ற வீட்டுக்குப் பெரிய சருவத்தில் பாதாம் அல்வா கிண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது சமாதானம் இல்லை என்பது அடுத்தநாள் விடிய அல்வா தின்ற வீட்டுக் கிணற்றில் வாளி கல்லில் இடித்தபோதுதான் தெரிந்தது.

தம்பிராசாவின் கிணறு நல்லதண்ணிக் கிணறு, நாலு பங்கு. மூன்று பங்கு ஒழுங்கையில் மூன்று வீட்டாருக்கு. நாலாம் பங்கு பின்னால் இருக்கிற ஐந்து பரப்புக் காணியோடு ஒட்டினது. அந்தக் காணியைத்தான் மகளுக்குச் சீதனம் என்று அவர் ஊர்காவற்றுறைச் சந்தையிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். பங்குக்காரப் பெண்கள் குடத்தோடு வந்து நின்று முணுமுணுக்கத் தொடங்கியதும் அவருக்கு ரோசம் வந்தது. பாதாமை நிற்பாட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? கிணற்றை இன்னும் இரண்டு முழம் ஆழமாக்கிவிடுவது என்று முடிவெடுத்தார், செலவு முழுக்கத் தன்னது என்றும் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து கஜாலினிக்கு நித்திரை இல்லை. தீவில் நல்லதண்ணீர் நிலத்துக்குள்ளே கடலுக்கு மேல்தான் மிதக்கிறது. இரண்டு முழம் என்ன, ஒரு முழம் கூடத் தோண்டினால் கீழே இருக்கிற கடல் மேலே வரும். பிறகு நாலு வீட்டுக்கும் ஆயுசுக்கும் பவுசர் லொறியிலை வாற தண்ணிதான். பங்கு அவள் பேரில் இருந்தால் அவள் மறிக்கலாம். அதற்காகத்தான் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"உமக்கு என்ன விசரே? உந்தப் பருப்பாலைதானே என்ரை முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்திருக்கு" என்று சறோஜினிதேவி மகளைப் பேசினாள். கஜாலினி எள்ளை வறுத்து இடித்துப் பனங்கட்டியோடு உருட்டிக் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்தாள். பாதாமில் இருக்கிறதைப்போல மூன்று மடங்குக்கு மேலே கல்சியம் எள்ளில் இருக்கு, தோலோடு வறுத்துத் தின்ன வேணும், நெல்லு வெட்டின ஈரத்திலேயே விளையும், ஒரு வாளி இறைக்கத் தேவையில்லை என்றாள். தாய் தொடவில்லை. கலியாணம் பேசுகிற வீட்டில் எள் வறுக்கலாமோ, அது சனிக்கும் செத்தவைக்கும் உரியது என்றாள். கஜாலினிக்கு வந்த கோபத்தில் சட்டி அதிர்ந்தது. "நான் பெரியபிள்ளையான நேரம் முப்பது நாளும் எள்ளுப்பாகும் நல்லெண்ணெயும் எண்டு என்ரை வாய்க்குள்ளை அடைஞ்சனீங்களே. அண்டைக்குச் சனியன் லீவிலையோ நிண்டவர்?" சறோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்க ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். அன்றிலிருந்து தாய் யாருக்கும் சொல்லாமல் எள்ளுருண்டைதான் தின்றாள். அவளுடைய பத்துப் பாதாம் தினமும் அரிசிப் பானைக்குள் போய் ஒளிந்தது. தகப்பன் தின்றதுக்கும் விருந்தாளிகள் தின்றதுக்கும் மட்டும் கிணறு இறங்கியது.

தகப்பன் எழுதித் தர மாட்டேன் என்ற மறுநாள், சனிக்கிழமையாகப் பார்த்து, கஜாலினி ஒரு ஓலைக் கடகத்தில் எள்ளை மணலோடு கலந்து எடுத்துக்கொண்டு பின்காணிக்குப் போனாள். தை மாதம் நெல் வெட்டின தாள் இன்னும் நின்றது, மண் காலில் ஒட்டியது. ஐந்து பரப்பும் வீசி விதைத்துக் கொத்தி மறைத்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது. சனிக்கிழமை, சீதனக் காணி, எள்ளு: இதைவிட ஒரு கலியாணத்துக்குச் சொல்ல என்ன இருக்கு? தம்பிராசா அந்தப் பக்கம் போவதையே விட்டார். முளைத்தால் புல் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு.

விதைத்துப் பதினோராம் நாள் நல்ல நாள். அந்த ஒரு நாளிலேயே இரண்டு காரியத்தையும் முடிக்க நினைத்தார். ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிற மாப்பிள்ளையின் தாய் கேதீஸ்வரி வீட்டுக்கு வருகிறா; அவ பார்க்கக் கிணறும் வெட்டத் தொடங்கும். பாதாம் வெள்ளித் தட்டில் வந்தது. அம்புறோஸ் இரும்பு அலவாங்கோடு வந்தான். நாற்பது வருசம் கிணறு வெட்டின ஆள், எட்டிப் பார்த்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "தம்பிராசா அண்ணை, இதுக்குக் கீழை மீன்தான் பிடிக்கலாம்" என்றான். ஆனால் வெட்டச் சொன்னால் வெட்டுவது அவன் தொழில். வழக்கப்படி கயிற்றை விரித்தான். பங்குக் கிணறு என்றால் பங்குக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு கை கயிறு பிடித்து அவனை இறக்கவேண்டும், ஒரு கை குறைந்தால் இறங்க மாட்டான். கிணறு வற்றுகிற பயத்தில் மூன்று வீட்டாரும் வந்து பிடித்தார்கள். "நாலாம் பங்கு ஆர்?" என்று கேட்டான் அம்புறோஸ்.

"நான்தான். வேறை ஆர்?" என்று தம்பிராசா கையை நீட்டினார்.

"பிள்ளையின்ரை பங்கெண்டு எனக்கே ரண்டு தரம் சொன்னனீங்கள், அண்ணை. நான் உள்ளுக்கை நிக்கேக்கை ஆள் மாறினால் என்னை ஆர் தூக்கிறது?"

கேதீஸ்வரி கையில் ஒரு பாதாமோடு கதிரையிலிருந்து எழும்பி வந்தா. "எங்களுக்கும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்? அஞ்சு பரப்பும் கிணத்திலை காற்பங்கும் பிள்ளையின்ரை எண்டு?"

தம்பிராசா கயிற்றைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். தன்னது என்றால் சம்பந்தம் பொய், மகளது என்றால் கயிறு மகள் கைக்குப் போகும். "அவளின்ரைதான்" என்றார்.

"கேக்கேல்லை அண்ணை."

"அவளின்ரைதான் எண்டுறன்!" ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மூன்று பங்குக்காரரும் கேட்டார்கள். உறுதி எழுத நொத்தாரிசு இல்லை, முத்திரை இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

அம்புறோஸ் கயிற்றின் நுனியைக் கஜாலினியிடம் நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினாள். "பிடிக்க மாட்டன், அம்புறோஸ் அண்ணை. இந்தக் கிணத்தை ஒருத்தரும் தொடேலாது." பிறகு கேதீஸ்வரிப் பக்கம் திரும்பினாள். "மாமி, உங்கடை மகன் நல்ல மனுசன். எனக்குக் கலியாணம் வேண்டாம். பின்காணியிலை நிக்கிறது புல்லில்லை, எள்ளு."

மூன்று வீட்டாரும் கயிற்றை விட்டார்கள். அம்புறோஸ் அதைச் சுருட்டத் தொடங்கினான். "அப்ப இவ்வளவு பாதாமையும் நாங்கள் என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டா கேதீஸ்வரி. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டா. "திருப்பிக் கொண்டுபோங்கோ மாமி. உங்கடை ஊரிலை கடல் மாதிரி ஏரி இருக்காம். நாலு வாளி இறங்கினாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கஜாலினி கடகத்தையும் மண்வெட்டியையும் எடுத்தாள். சறோஜினிதேவி குசினி வாசலில் நின்று எள்ளுருண்டையை ஒளிக்காமல் மென்றுகொண்டிருந்தாள். கேதீஸ்வரி கையிலிருந்த பருப்பைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, பழக்கத்தில் விரலை நக்கினா. கிணற்றுக்குள் ஒரு சொட்டுக் குறைந்த சத்தம் கேட்டது. கஜாலினிக்கும் கேட்டது. ஒரு சொட்டென்றால் போகட்டும் என்று படலையைத் திறந்து, எள்ளு நிற்கிற பக்கம் நடந்தாள்.