ஐஸ் டீ கேட்கிறவர்கள்

க்ளென்னா ஓக்ஸின் கைப்பையிலிருந்து ஒரு சனிக்கிழமை மதியம் புறப்பட்ட துப்பாக்கிக் குண்டு, கேகிள் மீன் கடையின் நடுக்கூடத்தில், உட்கார்ந்திருப்பவரின் மார்பு உயரத்தில், அந்தரத்தில் நின்றுவிட்டது. அன்றைக்குக் கெளுத்தி வறுவல் ஒரு தட்டு ஒன்பது டாலர். சோளமாவு உருண்டை நாலும் கோஸ் கலவை ஒரு கரண்டியும் அதிலேயே சேர்த்தி. வெடிச் சத்தத்துக்குத் தரையில் படுத்தவர்கள் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, அந்தரத்தில் நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மீன் ஆறிப்போகிறதே என்று உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

டென்னஸியில் ஸ்பைவி போன்ற சின்ன ஊரில் சட்டத்தை மீறி யாரும் சுட்டுக்கொள்வதில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. பீர் விற்கிற கடைக்குள்ளும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியோடு போகலாம் என்று தலைநகர் நாஷ்வில்லில் சட்டம் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கூடவே இரண்டு நிபந்தனை. துப்பாக்கி வைத்திருப்பவன் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. கடைக்காரர் வேண்டாமென்று வாசலில் பலகை மாட்டினால் உள்ளே கொண்டுவரக் கூடாது. யார் சட்டைக்கடியில் என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, அது மரியாதையில்லை. ஆனால் பரிமாறுகிற டார்லாவுக்கு இரண்டே வாரத்தில் விளங்கிவிட்டது. இருபது வருடமாகப் பீர் கேட்டவன் திடீரென்று ஐஸ் டீ கேட்டால் அவன் இடுப்பில் கனம் இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் உட்கார்கிற இடமும் காட்டிக்கொடுத்தது. முதுகைச் சுவருக்குக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார்கள். சுவரோர இருக்கைக்கு அடிபிடி, நடுவில் இருந்த மேஜைகள் காற்று வாங்கின.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் எல்பர்ட் ஓக்ஸ் அன்றைக்கு நடுமேஜையில் உட்கார்ந்ததே சுவரோரம் இடம் கிடைக்காததால்தான். மகள் நர்ஸ் பரீட்சையில் தேறியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பீர் குடிக்க ஆசைப்பட்டான். துப்பாக்கியோடு குடிப்பது குற்றம். எனவே ஒழுங்கான மனிதனாக, துப்பாக்கியைக் கழற்றி மனைவியின் கைப்பைக்குள் வைத்து, அவளுக்கும் உரிமம் உண்டே என்று நிம்மதியாகி, டார்லாவைக் கூப்பிட்டான். க்ளென்னா லிப்ஸ்டிக்கைத் துழாவினாள். ஷெரிப் வந்து பார்த்தார். செத்தவர் இல்லை, காயம் இல்லை, கைப்பையில் ஒரு ஓட்டை, அதுவும் சொந்தக் கைப்பை. எழுத ஒன்றுமில்லை என்று ஒரு தட்டு மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். எல்பர்ட் அந்த பீரை ஒருநாளும் குடிக்கவில்லை.

கடை ஆர்டித் கேகிளுடையது, அவள் கணவன் ஹாய்ட்டுடையதும். குண்டின் மூக்கு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்த்தவள் ஆர்டித்தான். நூல் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு அடி தள்ளி, மூலை மேஜையில், ஹாய்ட் தினமும் உட்கார்கிற இருக்கையில் போய் நூல் முடிந்தது. முன்வாசலும் சமையலறைக் கதவும் ஒருசேரத் தெரிகிற இடம் அந்தக் கடையில் அது ஒன்றுதான். நிற்கிற குண்டுதானே என்று அவன் இடத்தை மாற்றவில்லை.

அவன் மாற்றாததற்கு வேறு காரணமும் இருந்தது. தம்பி வெர்னல், சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பு, பக்கத்து மாவட்டத்தில் ஒரு கடையில் பன்றிக்கறி தின்றுகொண்டிருந்தபோது கொள்ளையடிக்க வந்த ஒருவன் சுட்டதில் செத்துப்போனான். பீர் விற்கிற கடை என்பதால் வெர்னலின் துப்பாக்கி, சட்டப்படி, வெளியே லாரியின் ஸ்டியரிங் பக்கத்து முன்பெட்டிக்குள் இருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். உடலை அடையாளம் சொல்லப் போன ஹாய்ட் அந்த லாரியைத்தான் ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அதற்கப்புறம் நாஷ்வில்லுக்குப் பதினோரு தடவை போய் அந்தச் சட்டத்துக்காகப் பேசினான், அழாமல், ஏதோ வரப்புத் தகராறைச் சொல்வதுபோல. சட்டம் வந்த அன்று ஆர்டித்திடம் ஒன்றே ஒன்று கேட்டான், நம் கடை வாசலில் மட்டும் அந்தப் பலகை வேண்டாம் என்று. அவள் சரியென்றாள். மனம் மாறினால் இருக்கட்டும் என்று ஒரு பலகை வாங்கி மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் சாத்திவைத்ததை அவனிடம் சொல்லவில்லை.

குண்டு நகர்கிறது என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அவள் போட்ட கோட்டை அது தாண்டியிருந்தது. மான் வேட்டைக் காலத்தில் ஆண்கள் எல்லாம் காட்டில் கிடந்த வாரம் அது அசையவேயில்லை. துப்பாக்கிக்காரர் சங்கத்தின் வருடாந்திர விருந்து நடந்த அன்று மட்டும் ஒரு விரற்கடை போயிருந்தது. டீ அண்டா எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு நகர்வு. வாசலைத் தாண்டி ஒரு துப்பாக்கி உள்ளே வந்தால் குண்டு ஆர்டர் சீட்டின் கனத்துக்கு முன்னே போகும். திரும்பி வெளியே போனால் பின்னுக்கு வருவதில்லை. இதை ஹாய்ட்டிடம் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே, "அப்ப டீயாலதான் எல்லாம். டீயை நிப்பாட்டிரு" என்றான்.

"இடத்தையாவது மாத்திக்க ஹாய்ட்."

"வெர்னலு உக்காந்த மாதிரி உக்காரச் சொல்றியா?"

அவள் காலி டீ அண்டாவை எடுத்துக்கொண்டு போனாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நாலாவது காலை எங்கே போய்க் காட்டுவது.

செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். மெக்கானிக் குறடு போட்டு இழுத்தான், குறடு வளைந்தது. லாரியில் சங்கிலி கட்டி இழுத்தார்கள், சங்கிலி அறுந்தது. ஆர்டித் கனமான இரும்பு வாணலி ஒன்றைக் குறுக்கே தொங்கவிட்டாள். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் எடுத்துக்கொண்டு, குண்டு அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. வாணலி கீழே விழுந்தபோது அதில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. ஊரில் வாதம் ஓயவில்லை. சாப்பிடுகிற இடத்துக்குத் துப்பாக்கி வந்தால் இதுதான் நடக்கும் என்று ஒரு கட்சி குண்டைக் காட்டியது. வந்தும் யார் செத்தார் என்று இன்னொரு கட்சி அதே குண்டைக் காட்டியது. இரண்டு கட்சியும் அதைப் பார்க்க வந்து சாப்பிட்டதில் வியாபாரம் நன்றாக நடந்தது. டிசம்பரில் யாரோ அதில் சின்ன சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தட்டு பத்து டாலரானது, பிறகு பதினொன்று.

முதல் இரண்டு வருடம் ஆர்டித்துக்குப் பயம் இருந்தது. குளிக்கும்போது அழுதாள். பிறகு கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே கிடக்கிற கைக்குச் சூடு உறைக்காமல் போவது போல அதுவும் போயிற்று. காலையில் கடையைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, குண்டுக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டு, கோஸ் நறுக்கப் போய்விடுவாள். ஒன்று மட்டும் தினமும் தவறாமல் நடந்தது. ஹாய்ட் உள்ளே வரும்போது பரிமாறும் ஜன்னலில் வந்து நிற்பாள். அவன் டார்லாவிடம் என்ன கேட்கிறான் என்று காதைக் கொடுப்பாள். எட்டு வருடமும் அவன் ஐஸ் டீதான் கேட்டான்.

எட்டாம் வருடம் அக்டோபரில் அவன் முன்னால் சாய்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை குண்டு அவன் சட்டையின் மூன்றாவது பட்டனைத் தொட்டது. மதியத்துக்குள் பட்டன் இரண்டாக உடைந்து விழுந்தது. கடையில் அப்போது பதினேழு பேர். ஹாய்ட் உடைந்த பட்டனைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பக்கவாட்டில் நகர்ந்து எழுந்து, வெளியே போய், வெர்னலின் லாரிக் கதவைத் திறந்து, முன்பெட்டியைத் திறந்து மூடினான். திரும்பி வந்தான். அதே இருக்கையில், அதே நூலின் முடிவில், உட்கார்ந்தான். வெறும் இடுப்போடு அங்கே உட்காரத்தான் அவன் எட்டு வருடம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், இடத்தை விடுவது அவன் கணக்கிலேயே இல்லை.

"டார்லா, ஒரு பீர் குடு" என்றான்.

டார்லா நகரவில்லை, ஆர்டித்தே எடுத்துப்போனாள். நுரை வழிந்து அவள் விரல்களில் இறங்கியது. அவன் பாதியைக் குடித்துவிட்டுக் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தான்.

"வெர்னலும் பீர்தான் குடிச்சுட்டு இருந்தான். அத நான் யார்கிட்டயும் சொல்லல. சட்டம் அப்பவே இருந்திருந்தாலும் துப்பாக்கி லாரியிலதான் இருந்திருக்கும்."

"தெரியும்" என்றாள் ஆர்டித். "அந்தப் பலகை எங்கிட்ட இருக்கு."

"மாவுப் பீப்பாய்க்குப் பின்னாடி. எனக்கும் தெரியும்." குவளையை ஓரமாகத் தள்ளிவைத்து, "போய் மாட்டு" என்றான்.

அவள் ஓடினாள். அறுபது வயதில் அந்தக் கடைக்குள் அவள் ஓடியதை டார்லா அன்றுதான் பார்த்தாள். எட்டு வருட மாவைப் பலகையிலிருந்து துடைத்தாள். திருப்புளி கத்திப் பெட்டிக்குள் கிடைத்தது, திருகாணி இரண்டு வேண்டியதில் ஒன்றுதான் கிடைத்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கதவை வெளியே தள்ளினாள். கனமான கதவு, பாதியில் நின்றது. வெளியே மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்த ஒரு வெளியூர்க்காரர் நின்றிருந்தார். கை நிறையச் சாமானோடு ஒரு பெண் கதவோடு மல்லுக்கட்டும்போது பார்த்துக்கொண்டு நிற்பவனை அந்த ஊர்ப்பக்கத்தில் மனிதனென்று சொல்லமாட்டார்கள். தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க விடுங்கம்மா, நான் புடிச்சுக்கறேன்" என்று நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு கால் எடுத்துவைத்துக் கதவைப் பிடித்தார்.

அப்போதுதான் அவள் கக்கத்தில் இருந்த பலகையை வாசித்தார். முகம் சிவந்துபோனது. தெரியாமல் வந்துவிட்டதாகவும் மன்னிக்க வேண்டுமென்றும் சொல்லி, காருக்குத் திரும்பி நடந்து, இடுப்பில் இருந்ததைப் பூட்டிவைத்துவிட்டு வந்தார். திருகாணியை அவரே இறுக்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். அவர் மேல் ஊரில் இன்றுவரை யாருக்கும் கோபமில்லை.

ஆர்டித் திரும்பியபோது ஹாய்ட் தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். குண்டு ஒரு சீட்டுக் கனம் உள்ளே. ரத்தம் வரவில்லை.

"வலிக்கல" என்றான். "மரத்த மாதிரி இருக்கு."

நகரப் பார்த்தான், முடியவில்லை. டாக்டர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். வேலிக் கம்பியை மரப்பட்டை மூடி வளர்வதுபோலத் தோல் அதற்குள்ளாகவே குண்டின் செம்பு உறை மேல் ஏறியிருக்கிறது, பிடுங்கினால் ஆள் மிஞ்சமாட்டான், விட்டால் இருப்பான் என்றார். விட்டார்கள். எல்பர்ட் பேருந்தின் பழைய இருக்கை மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தான். முடிவெட்டுபவர் மாதம் ஒருமுறை அங்கேயே வருகிறார். மற்றதற்கெல்லாம் ஆர்டித் திரை கட்டியிருக்கிறாள். பலகையைப் பார்த்துப் பாதிப் பேர் சாலைக்கு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். பலகை இருக்கிறதென்று வேறு பாதிப் பேர் வர ஆரம்பித்தார்கள். நடுமேஜைகளில் மறுபடி ஆள் உட்கார்கிறது. வாசலைப் பார்த்து, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பவன் இப்போது ஹாய்ட் மட்டும்தான். அவன் லாரி வாசலில் நிற்கிறது, முன்பெட்டி பூட்டியபடி, சக்கரம் மூடப் புல் முளைத்து. குண்டு அதற்கப்புறம் அசையவில்லை. நாஷ்வில்லில் பலகைகளே கூடாது என்று புதிதாக ஒரு மசோதா வரப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு வரும்போது டார்லா ரேடியோவை நிறுத்திவிடுகிறாள்.

மதியக் கூட்டம் கலைந்ததும் ஆர்டித் மேஜைகளைத் துடைத்துக்கொண்டே மூலைக்கு வருகிறாள். அவனுக்கு ஒரு பீர் வைக்கிறாள். வறுக்கிற கடையில் எல்லாவற்றின் மேலும் எண்ணெய் படியும், குண்டின் பின்பக்கத்திலும் படிகிறது. மேஜை துடைத்த துணியாலேயே அதையும் துடைக்கிறாள். விரலை அதன்மேல் வைத்தால் அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரியும், கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். பிறகு துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, மறுநாளைக்குக் கோஸ் நறுக்கப் போகிறாள். தட்டு இப்போது பதினான்கு டாலர்.