கவிழ்ந்த ரொட்டி

மர்த்தீனார் திருநாளன்று, விருந்துக்கான வாத்து அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எதிரியின் சிறையில் எங்கள் பிரபு தத்தேயோ காய்ச்சலில் இறந்துவிட்டார். அது சீமாட்டி வியோலாந்தேவுக்கும் அவருடைய தோழியான எனக்கும் மட்டுமே தெரியும். கணவர் சிறைப்பட்ட நாளிலிருந்து அவர் பெயரால் ஊரை ஆண்டவர் சீமாட்டிதான். அழக்கூட நேரமில்லாமல் முகம் கழுவி, சிவப்புப் பட்டு உடுத்திப் பந்திக்கு வந்தார்.

ஆண்டுதோறும் அந்தத் திருநாளன்று கோட்டைத் தலைவர் சாவிக்கொத்தைப் பிரபுவின் தட்டருகே வைப்பார். அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பவருக்கே அடுத்த மர்த்தீனார் திருநாள் வரை விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்வார். பிரபு உயிரோடு இருக்கும்வரை, கொடுப்பது யாரென்று சொல்வது சீமாட்டியின் உரிமை. இறந்துவிட்டால் அந்த உரிமை பிரபுவின் தம்பி கலாஸ்ஸோவுக்கு. எந்நேரமும் அத்தர் மணக்கத் திரியும் அவன் கையில் கோட்டை போனால், பிரபுவின் ஆறு வயது மகனும் வாரிசுமான லியோனெல்லோ அடுத்த திருநாளைப் பார்க்க மாட்டான்.

பிரபுவின் காலி நாற்காலிக்கு முன்னால் சீமாட்டியே தினமும் ரொட்டி வைப்பார். அன்றும் வைத்தார். கவிழ்த்து வைத்தார்.

எங்கள் ஊரில் ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது செத்தவர்களுக்குத்தான். அதை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். பாழாய்ப்போன கை, மனசு சொன்னதைக் கேட்டுவிட்டது.

கலாஸ்ஸோ பார்த்துவிட்டான். சாப்பிடுவதை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ரொட்டி குப்புறக் கெடக்கு?"

பந்தி முழுக்க ரொட்டியைத் திரும்பிப் பார்த்தது. சாவிக்கொத்தோடு எழுந்த கோட்டைத் தலைவர் அப்படியே நின்றார்.

"அடி கருகியிருக்கு தம்பி. சமையல்காரன் கண்ணுல படட்டும்னுதான் திருப்பி வச்சேன்."

"குடுங்க, பாக்கலாம்."

அவன் கை நீண்டது. சீமாட்டி ரொட்டியை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"கருகினாலும் என் புருஷன் சாப்பாடு. அவர் வர்ற வரைக்கும் நான் திங்கிறேன். உங்களுக்கு வாத்து போதாதா?"

யாரோ சிரித்தார்கள். கலாஸ்ஸோ கையை இழுத்துக்கொண்டான். செத்தவனின் ரொட்டியை எந்தப் பெண்டாட்டிதான் தின்பாள்? கோட்டைத் தலைவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சாவிக்கொத்தைத் தட்டருகே வைத்தார். சீமாட்டி மென்றுகொண்டே மகனைக் கூப்பிட்டு, அதை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். லியோனெல்லோ இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தான். கோட்டைத் தலைவர் மண்டியிட்டு அவனுக்குச் சத்தியம் செய்தார்.

விருந்து முடியும்வரை சீமாட்டி எல்லோரோடும் பேசிச் சிரித்தார். அறைக்கு வந்ததும் நான் கதவைத் தாழிட்டேன். அவர் மூடியிருந்த இடது கையைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டு ரொட்டி இருந்தது.

"கருகவே இல்ல ஒர்சீனா," என்றார். "நல்லா வெந்திருந்துது. அவருக்குப் பிடிச்ச மாதிரி."

அந்தத் துண்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகுதான் அழுதார்.