ஆறாவது ஓட்டம்

மிளகாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தப் போன் கம்பெனியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. கம்பெனி விற்கப்போகிற ஒவ்வொரு புதுப் போனையும் சோதனைக்குப் போட வேண்டும், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் வெளியே இருக்கும் சான்று அமைப்பு சான்றிதழ் கொடுக்கும். சான்றிதழ் இல்லாத போன் கடைவாசல் ஏற முடியாது.

ஒரு மாடலுக்கு நான்கு லட்சம் சோதனைகள். யாரும் உட்கார்ந்து கையால் செய்வதில்லை. பத்துப் போன்களைக் கணினியில் செருகிவிட்டால் மூன்று நாள் அதுபாட்டுக்கு ஓடும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. அன்று மதியம் ஓட்டம் முடிந்தபோது நான்கு லட்சம் பச்சைக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு உட்கார்ந்திருந்தது.

என்ன சோதனை என்று திறந்து படித்தாள். போனில் இரண்டு சிம். ஒன்றுக்கு சிக்னல் கிடையாது. திரை பூட்டியிருக்கிறது. இந்த நிலையில் அவசர எண்ணை அழுத்தினால் அழைப்பு போக வேண்டும். போகவில்லை. அதுகூடப் பெரிதில்லை, திரையில் மட்டும் 'அழைக்கிறது' என்று எழுத்து வந்திருக்கிறது. மூச்சுக்குத் தவித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற மனிதரிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிற போன்! மிளகாய்க்குக் காது சிவந்துவிட்டது.

வேறு மூன்று போன்களிலும் அதே சோதனையைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, பரவாயில்லை சார். தலைமேல் கூரை விழுந்தாலும் அதையேதான் சொல்வார் என்பது லேபில் எல்லோருடைய கணிப்பு.

"ஒண்ணுதானேம்மா? பரவாயில்ல. மறுபடி ஓட்டு" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மறு ஓட்டம் என்பது விதிப்படியே உள்ள வசதி. கேபிள் ஆடியிருக்கலாம், வைஃபை விட்டிருக்கலாம். அதற்காக மூன்று நாளையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டாமே என்று, தேறியவற்றை விட்டுவிட்டு தேறாததை மட்டும் மறுபடி ஓட்டலாம். ஒரு தடவை தேறிவிட்டால் பச்சைதான். அதற்கு முன் எத்தனை தடவை மண்ணைக் கவ்வியது என்பது இறுதி அறிக்கையில் வராது. நல்லதுக்கு வைத்த கதவு. அதன் வழியாக எதெல்லாம் உள்ளே நுழைகிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"கேபிள் பிரச்சினை இல்ல சார். மூணு போன்ல போட்டுப் பாத்துட்டேன். இது மென்பொருள்ல இருக்கற கோளாறு."

"இருபதாம் தேதி கடைக்கு வருதுன்னு விளம்பரம் போயாச்சு. இப்பப் போய்க் கோளாறுங்கற?"

"அதுக்காக ஊரார் காதுல பூ சுத்தச் சொல்றீங்களா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் மோசம். "போன வருஷ மாடல்லயும் இதே டெஸ்ட் சிவப்பாத்தான் வந்துது. ஆறு தடவை ஓட்டிப் பச்சையாக்கினது யாருன்னு போய்ப் பாரும்மா" என்றார்.

மிளகாய் பழைய பதிவுகளைத் திறந்தாள். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து பதினைந்திலிருந்து ஐந்து நாற்பதுக்குள் ஆறு ஓட்டங்கள். ஐந்து சிவப்பு, கடைசியாக ஒரு பச்சை. கீழே அவள் பெயர். அன்று சோதனையின் பெயரைக்கூட அவள் படித்திருக்க மாட்டாள். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், சிவப்பைக் கண்டால் பொத்தானை அழுத்து, மறுபடி சிவப்பா, மறுபடி அழுத்து. லேபில் எல்லோரும் செய்வதுதான். அடுத்தவர் செய்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள்.

போன வருஷ மாடல் லட்சக்கணக்கில் விற்றிருந்தது. அதில் ஒன்றை ஊழியர் தள்ளுபடியில் வாங்கி அவளே அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்கு ஆஸ்துமா. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறவள். போதாததற்கு அந்தப் போனில் இரண்டாவது சிம்மாக அப்பாவுடையது இருந்தது. அப்பா போய் மூன்று வருடம் ஆகியும், எண் எப்போதோ ரத்தாகியும், அதை எடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது அம்மாவின் போனை எடுத்துப் பையில் போட்டாள்.

"எங்கடி தூக்கிட்டுப் போற? என் தங்கச்சி பத்து மணிக்குப் பேசுவா."

"சின்னப் பரிசோதனைம்மா. சாயங்காலம் தந்துடறேன். அதுவரைக்கும் என்னோட பழைய போனை வெச்சுக்கோ."

"நல்லா இருக்கற போனை எடுத்துக்கிட்டு ஓட்டை போனைத் தலையில கட்டறா பாரு" என்று அம்மா மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குழலைக் குலுக்கிக்கொண்டே முணுமுணுத்தாள்.

லேபில் ஓர் இரும்பு அறை உண்டு. கதவைச் சாத்தினால் வெளி சிக்னல் ஒரு துளி உள்ளே வராது. உள்ளே இருக்கும் பெட்டி ஒன்று செல்போன் கோபுரம் மாதிரி நடிக்கும். உண்மையான ஆம்புலன்ஸ்காரரைத் தொந்தரவு செய்யாமல் அவசர அழைப்பைச் சோதிக்க அந்த ஒரு இடம்தான். மிளகாய் கதவைச் சாத்திக்கொண்டு, சிம்மைத் தொடாமல், திரையைப் பூட்டி, கையாலேயே அழுத்தினாள். நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் திரை 'அழைக்கிறது' என்றது. பெட்டிக்கு வந்து சேர்ந்தது பதினெட்டு.

பேனாவைச் சுவரில் விட்டெறிந்தாள். மேலாளர்மேல் கோபம், இருபதாம் தேதிமேல் கோபம், ஆறு மணி பஸ்மேல்கூடக் கோபம். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு அது அவளிடமே வந்து நின்றது.

கணக்கை ஒரு தாளில் எழுதி மேலாளர் மேசையில் வைத்தாள். "நாப்பதுல இருபத்திரண்டு போகல சார். எங்கம்மா போன்."

பரவாயில்லை சார் அதைப் படித்துப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். "சரி, நீ ஜெயிச்ச. புது மாடலை நிறுத்தறேன். ரெண்டு வாரம் தள்ளிப்போட்டு சரி பண்ணச் சொல்றேன். மேல திட்டு வாங்கறது என் பாடு."

"பழசு?"

"அம்மா போனுக்கு இன்னிக்கே தனியா மென்பொருள் ஏத்தித் தர்றேன். மத்ததை விட்டுடு. பழசைக் கிளறினா வித்த போனெல்லாம் திரும்பி வரும். சான்று அமைப்பு முதல்ல கேக்கப்போறது யார் கையெழுத்துன்னுதான். பதினோரு வருஷ வேலைம்மா. எந்த லேபும் உன்னை அப்புறம் சேத்துக்காது."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் அது நல்ல பேரமும்கூட. மிளகாய் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்தாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். நேற்று அத்தனை சத்தம் போட்ட வாய் இன்று எங்கே போய் ஒளிந்தது?

சாயங்காலம் அம்மா வாசலிலேயே கையை நீட்டினாள். மிளகாய் போனைக் கொடுக்கவில்லை.

"இதுல ஒரு கோளாறு இருக்கும்மா. அவசரத்துக்கு ஆம்புலன்ஸுக்கு அடிச்சா சில சமயம் போகாது. அழைக்கிறதுன்னு காட்டும், ஆனா போகாது."

அம்மா உட்கார்ந்தாள். "அப்போ அது நான் தப்பா அழுத்தினது இல்லையா?" என்றாள்.

"எது?"

"மழைக்காலத்துல ஒரு நாள் மூச்சு திணறிடுச்சுடி. அந்த நம்பரை அழுத்தினேன். அழைக்கிறது, அழைக்கிறதுன்னே இருந்துது. மூணு தடவை அழுத்தினேன். எனக்குத்தான் போன் பண்ணத் தெரியலன்னு நெனச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டே மாடி இறங்கிக் கீழ்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினேன். அவங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா, ஒரு போன்கூடப் பண்ணத் தெரியலயான்னு கத்துவ."

கத்தியிருப்பாள். சந்தேகமே இல்லை. மிளகாய் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். படிகள் இருபத்து நான்கு. அம்மா எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினாள், எத்தனை தடவை உட்கார்ந்தாள் என்று ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தாள். இந்த ஊரில், இன்னும் எங்கெங்கோ, எத்தனை பேர் தங்களுக்குத்தான் அழுத்தத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்? அதில் எத்தனை பேருக்கு இறங்கிப் போக ஒரு கீழ்வீடு இருந்திருக்கும்?

முகம்கூடக் கழுவாமல் மடிக்கணினியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சான்று அமைப்பின் தளத்தில், விற்பனையில் இருக்கும் போனில் குறை கண்டால் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு. புது மாடலின் சிவப்பை இணைத்தாள். பழைய மாடலின் ஆறு ஓட்டங்களையும், தன் பெயரோடு, அப்படியே இணைத்தாள். இரும்பு அறைக் கணக்கையும் சேர்த்தாள்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இந்தக் குறையால் யாராவது பாதிக்கப்பட்டார்களா, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

"என்னைப் பத்தியெல்லாம் எழுதாதடி. எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றாள் அம்மா, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

"நீ மாடி இறங்கினதால ஆகலம்மா."

கட்டத்தில் இரண்டு வரி தட்டினாள். பாதிக்கப்பட்டவர் என் அம்மா. ஐந்து முறை தோற்ற போனை ஆறாவது முறை தேறியதாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.

அனுப்பு என்ற பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அழுத்த வேண்டியிருந்தது.