இன்னும் பத்து சென்டிமீட்டர்

ஹாலந்தின் அந்தச் சதுப்பு நிலக் கிராமத்தில் தரை இறங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. வீடு உயர்கிறது என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது. வில்மினாவின் வீடு அப்படித்தான் வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போனது. அவள் கல்யாணத்துக்கு அப்பா கட்டிக் கொடுத்த வீடு. நீள நீளமான பைன் மரங்களைப் பூமிக்குள் அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் நிற்க வைத்தது. தம்பி கிரைனுக்குக் கிடைத்ததோ பக்கத்திலிருந்த பழைய பண்ணை வீடு. அதற்கு மரமும் கிடையாது, மட்டையும் கிடையாது. வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தது. மண் இறங்க இறங்க அதுவும் கூடவே மரியாதையாக இறங்கியது.

ஒரு காலத்தில் இரண்டு சமையலறை ஜன்னல்களும், நடுவில் வாய்க்கால் ஓட, ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது அக்கா வாசலில் வந்து நின்றால் கிரைனின் ஜன்னலில் தெரிவது அவளுடைய கம்பளிக் காலுறை மட்டும்தான். வாசலுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழும்போதெல்லாம் கிரைன் சிமெண்டைக் குழைத்து இன்னொரு படி கட்டுவான். படிகள் கூடக் கூட அக்காவின் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. அவள் கீழே வருவதையே விட்டுவிட்டாள். பத்து மணிக் காப்பிக்கு அவன்தான் மேலே ஏறிப் போவான். அந்தக் காப்பியை அவன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருந்தது அந்தக் காப்பி மேஜையும் அவர்கள் இருவரும்தான்.

ஊரில் நடப்பது இதுதான். புல்வெளி ஈரமாகிவிட்டது, மாடுகள் புதைகின்றன என்று விவசாயிகள் தண்ணீர் வாரியத்திடம் முறையிடுவார்கள். வாரியம் வாய்க்கால் மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கும். பஞ்சு மாதிரி நீரை வைத்திருந்த மண் வற்றிச் சுருங்கும். காய்ந்த பகுதி நெருப்பே இல்லாமல் எரிந்து காற்றோடு போகும். தரை இறங்கி மறுபடியும் தண்ணீரைத் தொடும். விவசாயிகள் மறுபடியும் முறையிடுவார்கள். தாத்தாக்கள் காலத்திலிருந்து நடக்கிறது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் நினைத்ததில்லை, நிர்வாகம் என்றே நினைத்தார்கள்.

அந்த வருஷம் விவசாயிகள் ஓட்டுப் போட்டுக் கிரைனை வாரிய உறுப்பினராக்கினார்கள். அவன் தலையெழுத்து, முதல் கூட்டத்திலேயே பத்து சென்டிமீட்டர் விவகாரம் வந்தது.

"என்னடா, எந்தப் பக்கம் கை தூக்கப் போற?" என்று வில்மினா காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மாடுங்க முழங்கால் வரைக்கும் சேத்துல நிக்குதுக்கா. மடியெல்லாம் புண்ணு."

"நான் எதுல நிக்கிறேன்னு யோசிச்சியா? அப்பா அடிச்ச மரத்து மேல. தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் அது கல்லு மாதிரி இருக்கும். தண்ணி இறங்கி தலை வெளிய தெரிஞ்சுதுன்னா மக்கிப் போயிரும். அப்புறம் இந்த வீடு எங்க நிக்கும்?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. பிஸ்கட்ட எடு, டப்பாவ மூடணும்."

ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட். வீடே சரிந்தாலும் அந்த ஊரில் இரண்டாவது பிஸ்கட் கிடைக்காது.

வாரியக் கட்டடமே ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. மேஜை சரிவாக இருந்ததால் எல்லோருடைய காப்பிக் கோப்பைகளும் தாமாகவே நகர்ந்து தலைவர் கோவர்ட்டிடம் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றைப் பொறுமையாகத் திருப்பித் தள்ளியபடி கூட்டத்தை நடத்தினார். மரத்தூண் வீடுகளுக்கு என்ன வழி என்று யாரோ கேட்டதற்கு, வாரியத்தின் பொறியாளர் எழுந்து பதில் சொன்னார்.

"தினமும் வீட்டுக்குத் தண்ணி ஊத்தணும். அவ்வளவுதான்."

"வீட்டுக்கா?"

"அடியில. செடிக்கு ஊத்தற மாதிரி. தூண் ஈரமாவே இருக்கும்."

இறக்கலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் சரிபாதியாக இருந்தார்கள். பாக்கி இருந்தது கிரைனின் கை ஒன்றுதான். கொஞ்சம் சாய்ந்தபடியே எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மாடும் பிழைக்கும், அக்கா வீடும் பிழைக்கும் என்று அவன் மனதார நம்பினான். அப்படி நம்புவது அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. கையைத் தூக்கினான்.

மறுநாளிலிருந்து பால் கறந்து முடித்ததும் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினான். சைக்கிளில் போனவர்கள் சும்மா போவார்களா?

"என்ன கிரைன், வீடு இந்த வருஷம் பூ விடுமா?"

"உன் வாயில மண்ணு விழ," என்றான் கிரைன்.

தண்ணீரை அவன் வாய்க்காலிலிருந்துதான் எடுத்தான். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வாய்க்காலுக்கே திரும்பி வந்தது. அங்கே மட்டம் ஒரு விரற்கடை ஏறியதும் வாரியத்தின் பம்பு விழித்துக்கொண்டு அதை உறிஞ்சி ஆற்றில் கொட்டியது. கிரைன் இன்னும் அதிகமாக ஊற்றினான். பம்பும் இன்னும் அதிகமாக உழைத்தது. இரண்டு பேரும் நாளெல்லாம் ஓயவில்லை. தூண்களின் தலைதான் காய்ந்தது.

முதலில் வில்மினாவின் கதவுகள் தாமாகத் திறந்தன. பிறகு தாமாக மூடின. அதன்பிறகு இரண்டுமே செய்யவில்லை. வரவேற்பறையில் ஒரு பட்டாணி விழுந்தால் அது நேராகப் படுக்கையறைக்குப் போய் நின்றது. ஒரு குளிர்காலத்தில் பின்சுவர் ஒரு பெருமூச்சு விட்டு இரண்டாகப் பிளந்தது. நகராட்சிக்காரர்கள் வந்து வாசலில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டு, படி இறங்கப் பயந்து ஏணி போட்டு இறங்கினார்கள்.

வில்மினாவை ஏணியில் இறக்க முடியாது. வைக்கோல் கட்டுத் தூக்கும் டிராக்டரைக் கிரைன் வாசலுக்குக் கொண்டுவந்தான். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கைகளில் பலகை போட்டு, பலகைமேல் நாற்காலி போட்டு, மடியில் கைப்பையோடு அவளை உட்கார வைத்து மெல்ல இறக்கினான். வழி முழுக்க அவள் தன் வீட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவனுடைய சமையலறைக்குள் நுழைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஜன்னல் வழியா என்னோட காலுறையப் பாத்துட்டு இருந்தேன்னு சொல்லுவியே, இங்கிருந்துதானா?"

"ஆமாக்கா."

"இனிமே என்னத்தப் பாப்ப?"

வீட்டை இடித்தார்கள். கொஞ்ச காலம் புல்வெளி காய்ந்து கிடந்தது. மாடுகள் ஜம்மென்று நடந்தன. பிறகு தரை பத்து சென்டிமீட்டர் இறங்கித் தண்ணீரைத் தொட்டது. மாடுகள் பழையபடி சேற்றில் நின்றன. வாரியம் கூட்டத்துக்கு அழைத்தது.

புறப்படும்போது வில்மினா அவனுடைய கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"இந்தத் தடவை நீ நிம்மதியா கை தூக்கலாம்டா. எனக்குதான் இப்ப இடிஞ்சு விழ ஒண்ணும் இல்லையே."

கூட்டத்தில் அதே ஆட்கள், அதே சரிபாதி. மேஜையின் சரிவு மட்டும் கூடியிருந்தது. கோப்பைகள் கோவர்ட்டின் மடியிலேயே விழுந்தன. எல்லோரும் கிரைனைப் பார்த்தார்கள். அவனுடைய வலது கை பழக்கத்தில் எழப்பார்த்தது. அதை நாற்காலியில் வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். கை மரத்துப் போகும்வரை எழுந்திருக்கவில்லை. தீர்மானம் தோற்றது. அவனுக்கு ஓட்டுப் போட்ட விவசாயிகள் வாசலில் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்பருகே நின்றிருந்தாள். வெளியே சேற்றில் ஒரு மாடு கத்தியது.

"என்னடா ஆச்சு?"

"மட்டம் இறங்கலக்கா. நிறுத்திட்டேன்."

"நீயா? எப்படி?"

"கைமேல ஏறி உக்காந்துட்டேன்."

வில்மினா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அவள் வீடு நின்ற இடத்தில், சிமெண்டுப் படிகள் மட்டும் எங்கும் போகாமல் நின்றன.

"அவ்வளவுதானா? அது போதுமா?" என்றாள். "போன தடவையும் அதே நாற்காலிதானேடா."