வரிக்குப் பக்கத்தில் பெயர்

என் பெயர் தேன்மொழி. பெயருக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கில்பர்ட்டைப் பற்றிப் பேசும்போது கொஞ்சநஞ்ச சம்பந்தமும் போய்விடும்.

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்களுக்கான மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. மறுநாள் எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று ஓட்டுநரின் போனுக்கு அது முன்கூட்டியே சொல்லிவிடும். அதை முதல் வரியிலிருந்து தனியாக எழுதியவள் நான். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு டீம் லீடராக வந்து உட்கார்ந்தவன் கில்பர்ட்.

மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் நிரல் எழுதுகிற பழைய எடிட்டர்தான் எனக்குக் கைவந்தது. கில்பர்ட் வந்த வாரமே என் முதுகுக்குப் பின்னால் நின்று, "என்ன மொழி, மியூசியத்துல வாங்கினியா இத?" என்றான். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதனால் நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

அடுத்து ஒரு சட்டம் போட்டான். எல்லோரும் அவனுடைய எடிட்டரில்தான் எழுத வேண்டும், வரிகளெல்லாம் ஒரே மாதிரி நேராக நிற்க வேண்டும். அந்த எடிட்டரில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு பெயர் தெரியும். அதுவரை எங்கே பார்த்தாலும் என் பெயர்தான். ஒரு மத்தியானம் கில்பர்ட் ஒரே கட்டளையில் மொத்தக் கோப்புகளையும் நேராக்கினான். இரண்டு இடைவெளி இருந்த இடத்தில் நான்கு இடைவெளி விழுந்தது. அவன் செய்த வேலை அவ்வளவுதான். நான் தேத்தாரே டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மேலிருந்து கீழ்வரை கில்பர்ட், கில்பர்ட், கில்பர்ட்.

அப்போதுகூட நான் கவலைப்படவில்லை. சிங்கப்பூர் தலைமை ஆபீசிலிருந்து சூசன் மேடம், பஸ் மென்பொருளை எழுதியவரை அங்கே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அந்தச் சாம்பல் நிறப் பெயர் கண்ணை உறுத்தியது. அந்த வேலைக்காகத்தான் நான் இத்தனை நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைத்தேன். எங்கள் பாஸ் சதாசிவம் லாரி வியாபாரம் பார்த்து முன்னேறியவர். அவருக்கு நிரலும் தெரியாது, எடிட்டரும் தெரியாது. கில்பர்ட் தன் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"நீங்களே பாருங்க பாஸ், யாரு பேரு இருக்குன்னு."

"பாஸ், அவரு ஸ்பேஸ் மாத்துனதுனால வந்த பேரு அது," என்றேன். "பழைய பதிவெல்லாம் உள்ள இருக்கு. கொஞ்ச நேரம் குடுங்க, எடுத்துக் காட்றேன்."

"சண்டை வேணாம்லா மொழி. ஸ்கிரீன்லயே தெரியுதே."

கில்பர்ட் பெரிய மனது பண்ணினான். "மொழியும் ஹெல்ப் பண்ணாங்க பாஸ்."

ஹெல்ப்பாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு அவனை 'அண்ணே' என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். மென்பொருள் முழுவதும் அவன் பொறுப்புக்குப் போனது, புத்தாண்டுக்குப் பிறகு சிங்கப்பூர் வேலையும் அவனுக்குத்தான் என்றார்கள். என்னை வேறு வேலையில் தூக்கிப் போட்டார்கள்.

புத்தாண்டு பிறந்தது. அந்த வருடத்திலிருந்து ஜொகூரில் வார ஓய்வு வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. எங்கள் பஸ்கள் போகும் தொழிற்சாலைகளும் அதன்படி விடுமுறையை மாற்றிக்கொண்டன. ஊரே மாதக்கணக்கில் அதைப் பற்றித்தான் பேசியது. மென்பொருளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை காலை, தொழிலாளர்கள் யூனிபாரமும் சோற்றுப் பொட்டலமுமாகச் சாலையோரத்தில் நின்றார்கள். போனில் ஒன்றும் வராததால் ஓட்டுநர்கள் வீட்டில் தூங்கினார்கள். ஒரு பஸ்கூட வரவில்லை. தொழிற்சாலைகளில் பாதி இயந்திரங்கள் சும்மா நின்றன.

நான் உள்ளே நுழையும்போது பாஸின் முகம் கறுத்துப் போயிருந்தது. மேசைமேல் போன், ஸ்பீக்கரில் சூசன் மேடம். கில்பர்ட்டின் திரையில் அந்த ஒற்றை வரி. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று சொல்லும் வரி. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அவன் பெயர்.

"இது யாரு எழுதுனது?" என்றார் பாஸ், அந்தப் பெயரில் விரலை வைத்து.

"பாஸ், இத நான் எழுதல."

"ஒம் பேரு போட்டிருக்கு."

"நான் ஸ்பேஸ் மட்டுந்தான் பாஸ் மாத்துனேன். இதெல்லாம் மொழி எழுதுனது."

"இதெல்லாம்னா?" என்று கேட்டேன். "இந்த வரி மட்டுமா, மிச்சமுமா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாமே அவங்க எழுதுனதுதான் பாஸ். நான் ஒரு வரிகூட எழுதல."

போனிலிருந்து சூசன் மேடத்தின் குரல் வந்தது. "கில்பர்ட், எல்லாம் நீங்களே எழுதுனதுன்னுதானே எனக்கு ஈமெயில் போட்டிருந்தீங்க."

அவன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, மறைக்கவும் இல்லை.

"மேடம், தேன்மொழி பேசுறேன். அந்த வரி என்னோடது. தப்பும் என்னோடது. மாத்தணும்னு எனக்கும் தோணல. ஆனா மொத்தமும் என்னோடது."

கில்பர்ட்டின் நாற்காலியை அவனோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, அவன் கணினியிலேயே என் கறுப்புத் திரையைத் திறந்தேன். வெள்ளியை ஞாயிறு என்று மாற்றினேன், சேமித்தேன், அனுப்பினேன். ஓட்டுநர்களின் போன்கள் அடித்திருக்கும். அவன் எடிட்டரில் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயர் வந்து உட்கார்ந்தது.

"ஓகே, இப்ப கேளு தேன்மொழி," என்று ஆரம்பித்தார் சூசன் மேடம். விடுமுறை நாளையெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கிறவளுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டார். படித்தாயா, மாடு மேய்த்தாயா என்று கேட்டார். "திங்கக்கிழமை இங்க வந்து சேரு. இனிமே என் கண்ணு முன்னாலதான் நீ எழுதணும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து திட்டினார்.

பாஸ் சங்கடத்தோடு போனை என்னிடம் நீட்டினார், தனியாகப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்று. நான் அதை வாங்கி, கில்பர்ட்டின் மேசைமேலேயே வைத்து, ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.